முழு ஸ்கோரிலிருந்து நான்கு பாரை மட்டும் தெளிவான படமாக எடுப்பது எப்படி?

கேட்கப்பட்டது இது. மேற்கத்திய இசைக் கோட்பாட்டுக்கு வினாத்தாள் தயாரிக்க வேண்டும். பாடல் முழுவதும் இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளான மியூஸ்கோரில் இருக்கிறது. அதிலிருந்து இரண்டு பார், நான்கு பார் என்று சிறு துண்டுகள் மட்டும் படமாக வேண்டும். வேர்டில் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே அவற்றை வைக்க வேண்டும். எக்ஸ்போர்ட் செய்தால் ஏ4 பக்கம் முழுவதும் வருகிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அச்சில் மங்குகிறது. எப்படியோ வெட்டி ஒட்டினாலும் ஒரு கேள்வியில் ஸ்டாஃப் (நோட்டுகள் உட்காரும் ஐந்து கோடு) பெரிதாகவும் அடுத்ததில் சிறிதாகவும் இருக்கிறது.

மூன்று தொல்லைக்கும் காரணம் ஒன்றுதான்: பெரிய பக்கத்தை முதலில் படமாக்கிவிட்டு, பிறகு படத்தை வெட்டுவது. வெட்டும் வேலையை ஸ்கோரிலேயே முடித்துவிடுங்கள். வேண்டிய பார்களைத் தனி ஸ்கோராக்கி, அதன் பக்க அளவையே துண்டின் அளவுக்குக் குறைத்து, எல்லாத் துண்டுகளுக்கும் ஒரே ஸ்டாஃப் அளவு வைத்து எக்ஸ்போர்ட் செய்தால், வேர்டில் இழுத்துச் சரிசெய்யும் வேலையே வராது. துண்டுக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகும். முதல் துண்டை வார்ப்புருவாக வைத்துக்கொண்டால் அடுத்ததிலிருந்து அந்த நேரமும் மிச்சம்.

ஸ்கிரீன்ஷாட் ஏன் மங்குகிறது

மியூஸ்கோரில் ஸ்டாஃப் ஸ்பேஸ், அதாவது ஸ்டாஃபின் இரண்டு கோடுகளுக்கு இடையே உள்ள தூரம், இயல்பில் 1.75 மி.மீ. நான்கு இடைவெளி சேர்ந்து ஸ்டாஃபின் உயரம் 7 மி.மீ. ஒரு கோட்டின் தடிமன் அந்த ஸ்பேஸில் 0.11 பங்கு, கணக்குப் போட்டால் சுமார் 0.19 மி.மீ. சாதாரணத் திரையில் 100 சதவீதத்தில் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று கொண்டால், ஒரு பிக்சலின் அகலம் 0.26 மி.மீ. பிக்சலை விட மெல்லிய கோட்டைத் திரையால் முழுக் கறுப்பாகக் காட்ட முடியாது, சாம்பல் நிறமாக்கித்தான் காட்டும். அதோடு, கோடுகளுக்கு இடையே உள்ள தூரம் 6.6 பிக்சல். முழு எண் இல்லை. அதனால் ஒரு கோடு சரியாகப் பிக்சல் வரிசை மேல் விழும், அடுத்தது இரண்டு வரிசைக்கு நடுவே விழுந்து தடித்து வெளிறும். ஐந்து கோடும் ஐந்து விதமாகத் தெரிவது இதனால்தான். அந்தச் சாம்பலை லேசர் பிரிண்டர் புள்ளிகளாக உடைத்து அச்சிடும்போது கோடு அறுந்து அறுந்து வரும். ஜெராக்ஸ் எடுத்தால் இன்னும் மோசமாகும்.

300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல் வைத்தால், அதே கோடு 2.3 பிக்சல், 600-இல் 4.5 பிக்சல். அச்சுக்குப் போகிற எதற்கும் 600 வைத்துக்கொள்ளுங்கள். அளவு பெரிதாகிவிடுமே என்ற கவலை வேண்டாம். 120 மி.மீ. அகலம், 30 மி.மீ. உயரம் உள்ள ஒரு துண்டு 600 டிபிஐ-யில் ஏறத்தாழ 2835 × 709 பிக்சல்தான். அதில் பெரும்பகுதி வெற்று வெள்ளை என்பதால் பிஎன்ஜி அதை நன்றாகச் சுருக்கிவிடும். ஜேபெக் பக்கமே போகாதீர்கள். அது புகைப்படத்துக்கானது. கூர்மையான கறுப்புக் கோட்டைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் சாம்பல் புள்ளிகளை விட்டுவைக்கும், ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அது கூடும்.

திரைக்கு மட்டும் படம் வேண்டும் என்றால் ஒரு நல்ல உபாயம் உண்டு: ஸ்டாஃப் ஸ்பேஸ் முழு எண் பிக்சலில் அமைகிற மாதிரி வைப்பது. 300 டிபிஐ-யில் 1.75 மி.மீ. என்பது 20.67 பிக்சல். அதை 1.693 மி.மீ. ஆக்கினால் சரியாக 20 பிக்சல். கண்ணுக்கு அளவு மாறியதே தெரியாது. ஐந்து கோடும் ஒரே தடிமனில் வரும். படத்தைப் பிற்பாடு சுருக்கினால் இந்தப் பலன் போய்விடும், ஆகவே இணையப் பக்கத்தில் வைப்பவர்கள் காட்டப்போகிற அளவிலோ அதன் இரு மடங்கிலோ எக்ஸ்போர்ட் செய்வது நல்லது.

மியூஸ்கோரில் துண்டைத் தனி ஸ்கோராக்குவது

இரண்டு வழி. ஒன்று, மூல ஸ்கோரில் முதல் பாரைக் கிளிக் செய்து, ஷிஃப்டை அழுத்தியபடி கடைசி பாரைக் கிளிக் செய்து, ஃபைல் மெனுவில் சேவ் செலக்‌ஷன் கொடுப்பது. தேர்ந்தெடுத்த பார்கள் மட்டும் தனிக் கோப்பாகச் சேமிக்கப்படும். இரண்டாவது, புது ஸ்கோர் தொடங்கி அதில் ஒட்டுவது. வினாத்தாள் வேலைக்கு இரண்டாவதுதான் வசதி, ஏனென்றால் பக்க அமைப்பெல்லாம் தயாராக உள்ள ஒரே வார்ப்புருவில் துண்டுகளை மாற்றி மாற்றி ஒட்டலாம்.

ஒட்டும்போது வரிசை முக்கியம். காப்பி செய்யும் பகுதியின் தொடக்கத்தில் நடப்பில் உள்ள கீ சிக்னேச்சரும் டைம் சிக்னேச்சரும் நோட்டுகளோடு கூடவே வராது. டி மேஜர், 3/4 பாடலிலிருந்து நான்கு பாரை எடுத்து, சி மேஜர் 4/4 ஸ்கோரில் ஒட்டினால் என்ன நடக்கும்? சுருதி மாறாது, ஆனால் ஒவ்வொரு பாரிலும் முதலில் வரும் எஃப், சி முன்னால் ஷார்ப் முளைக்கும். பன்னிரண்டு பீட்டும் மூன்று பாராக மடிந்து, பார் கோட்டில் முட்டும் நோட்டுகள் இரண்டாக உடைந்து, அவற்றை இணைக்கும் வளைகோடான டை போட்டுக்கொள்ளும். ஆகவே முதலில் கீ, டைம், கிளெஃப் மூன்றையும் புது ஸ்கோரில் சரியாக வைத்துவிட்டுப் பிறகு ஒட்டுங்கள். பார்களின் எண்ணிக்கையையும் புது ஸ்கோர் சாளரத்திலேயே 4 என்று கொடுத்துவிடுங்கள். அது இயல்பில் 32 வைக்கும், மீதியை நீங்கள்தான் அழிக்க வேண்டிவரும்.

அடுத்து, ஒட்டிய துண்டை இசை தெரிந்தவரின் கண்ணோடு பாருங்கள். புது ஸ்கோரின் கடைசியில் மியூஸ்கோர் தானாகவே முடிவுப் பார் கோட்டை, மெல்லிசும் தடித்ததுமான இரட்டைக் கோட்டை, வைத்திருக்கும். பாடலின் நடுவிலிருந்து எடுத்த துண்டுக்கு அது தவறு. அந்தக் கோட்டைத் தேர்ந்தெடுத்து, பேலட்டில் சாதாரண பார் கோட்டைக் கிளிக் செய்யுங்கள். வெட்டிய இடத்தைத் தாண்டிப் போகும் டை இருந்தால் காப்பியில் அது காணாமல் போயிருக்கும். நோட் அடுத்த பாருக்குள் நீள்கிறது என்பதே கேள்வியின் உயிர் என்றால், டைக்குப் பதிலாக லேஸே விப்ரே குறியை (ஒலி நீளட்டும் என்று காட்டும், மறுமுனை எதிலும் சேராத சிறு வளைகோடு) போட்டுத் தொங்கவிடலாம். ஸ்லரும் அப்படியே அறுந்திருக்கும். முடிந்தால் சொற்றொடர் முடிகிற இடம் வரை துண்டை நீட்டுவதே மேல். டைனமிக்ஸ் குறியும் கவனிக்க வேண்டியது: மூலத்தில் பத்து பாருக்கு முன்னால் போட்ட பியானோ (மெல்லிய ஒலி) குறி இந்தத் துண்டுக்கும் பொருந்தும், ஆனால் காப்பியில் வராது. அதை முதல் நோட்டுக்குக் கீழே கையால் போடுங்கள்.

"டைம் சிக்னேச்சரை எழுதுக" போன்ற கேள்விக்கு டைம் சிக்னேச்சர் தெரியக்கூடாது. அதைத் தேர்ந்தெடுத்து வி விசையை அழுத்தினால் மறைக்கலாம்தான். அதைவிட ஸ்டாஃப் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் டைம் சிக்னேச்சர் காட்டும் டிக்கை எடுப்பது சுத்தம். ஏதோ ஒன்றை மறைத்திருக்கிறார்கள் என்று மாணவருக்குச் சொல்லும் வெற்றிடம் அங்கே மிஞ்சாது. கிளெஃபை மறைக்கவும் அதே இடம்தான்.

பக்கத்தைத் துண்டின் அளவுக்குக் கொண்டுவருவது

முதலில் தலைப்புப் பெட்டியைத் தேர்ந்தெடுத்து அழியுங்கள். பிறகு ஸ்டைல் சாளரத்தில் ஹெடர், ஃபுட்டர் பகுதிக்குப் போய் இரண்டையும் அணையுங்கள். இது சிறிய விஷயம் போலத் தெரியும். ஆனால் "ட்ரிம் செய்தும் (வெற்று ஓரங்களை வெட்டியும்) படம் சுருங்கவே இல்லை" என்று வரும் புகார்களில் பெரும்பாலும் காரணம் பக்கத்தின் அடியில் கிடக்கும் ஒரு பக்க எண்ணோ காப்புரிமை வரியோதான். மை இருக்கும் இடம் வரை படம் நீளும். அந்த ஒற்றை எண்ணும் மைதான்.

இனி ஃபார்மேட் மெனுவில் பேஜ் செட்டிங்ஸ். அகலம் 150 மி.மீ., உயரம் 30 மி.மீ., நான்கு பக்க விளிம்பும் 3 மி.மீ. என்று தொடங்குங்கள். 150 என்ற எண்ணுக்குக் காரணம் இருக்கிறது. ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ.; வேர்டில் இரு பக்கமும் 25.4 மி.மீ. விளிம்பு விட்டால் எழுத்துக்கு மிஞ்சுவது 159.2 மி.மீ. படம் அதைத் தாண்டினால் வேர்டு கேட்காமலேயே அதைச் சுருக்கி உள்ளே அடக்கிவிடும், உங்கள் ஸ்டாஃப் அளவு அங்கேயே கெட்டுப்போகும்.

30 மி.மீ. உயரத்தில் ஸ்டாஃப் சரியாக உட்காராமல் கீழே தள்ளப்பட்டால், ஸ்டைலில் பேஜ் பகுதியைத் திறந்து மியூசிக் டாப் மார்ஜின், பாட்டம் மார்ஜின் இரண்டையும் பாருங்கள். இயல்பில் 7 ஸ்பேஸ், அதாவது 12.25 மி.மீ.; பக்க விளிம்புக்கும் மேலாக வரும் இடம் இது. 2 ஸ்பேஸ் ஆக்கினால் போதும். வெர்டிகல் ஜஸ்டிஃபிகேஷன் டிக்கையும் எடுத்துவிடுங்கள்.

அகலத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். துண்டு பக்கத்தின் முழு அகலத்துக்கும் விரிய வேண்டுமா, இல்லை நோட்டுகளுக்குத் தேவையான இடம் மட்டும் போதுமா? ஸ்டைலில் லாஸ்ட் சிஸ்டம் ஃபில் த்ரெஷோல்டு என்று ஒரு சதவீதம் இருக்கும், இயல்பில் 30. கடைசி வரி அதைவிட நீளமாக இருந்தால் மியூஸ்கோர் அதைப் பக்க அகலத்துக்கு இழுத்துவிடும். உங்கள் துண்டில் இருப்பது ஒரே வரி, அதுவே கடைசி வரி. இரண்டு பார் மட்டும் கொண்ட துண்டை 150 மி.மீ.க்கு இழுத்தால் நோட்டுகள் ஒன்றுக்கொன்று உறவில்லாமல் நிற்கும், தாளத்தைக் கண்ணால் படிக்க முடியாது. சதவீதத்தை 100 ஆக்கினால் இயல்பான இடைவெளியிலேயே நிற்கும். வலப்பக்க வெற்றிடத்தைப் பிறகு ட்ரிம் செய்துகொள்ளலாம். நான்கு பார், ஆறு பார் துண்டுகளுக்கு இழுப்பது பரவாயில்லை, தாளில் வரிகள் ஒரே நீளத்தில் நின்று அழகாகவும் இருக்கும்.

சரியான விடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விகளில் ஒரு கண்ணி உண்டு. அ, ஆ, இ, ஈ என்று நான்கு சிறு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறீர்கள். அ-வில் இரண்டு லெட்ஜர் கோட்டுக்கு (ஸ்டாஃபுக்கு வெளியே போடும் சிறு கோடு) மேலே ஒரு நோட், ஆ-வில் எல்லாம் ஸ்டாஃபுக்குள், இ-யில் கீழே ஒரு டைனமிக்ஸ் குறி. ஒவ்வொன்றையும் மையின் எல்லை வரை ட்ரிம் செய்தால் நான்கும் நான்கு உயரத்தில் வரும். வேர்டில் வைத்தால் நான்கு ஸ்டாஃபும் மேலும் கீழுமாகத் தள்ளாடும். இப்படிப்பட்ட இடத்தில் ட்ரிம் செய்யவே கூடாது. நான்கிற்கும் ஒரே பக்க உயரம் வைத்து, நான்கிலும் மிக உயர்ந்து போகும் நோட்டுக்கும் மிகத் தாழ்ந்து போகும் குறிக்கும் இடம் விட்டு, பக்கத்தை அப்படியே எக்ஸ்போர்ட் செய்யுங்கள். மேல் விளிம்பிலிருந்து ஸ்டாஃப் இருக்கும் தூரம் நான்கிலும் ஒன்றாக இருப்பதால் கோடுகள் ஒரே நேராக நிற்கும். ஃபெர்மாட்டா (நோட்டை நீட்டிப் பிடிக்கச் சொல்லும் குறி), உயரமான நோட் உள்ள துண்டை முதலில் எடுத்து, அதற்குப் போதுமான உயரத்தை வைத்து, மற்ற மூன்றுக்கும் அதையே பயன்படுத்துவது எளிது.

சிறு பிள்ளைகளுக்கு ஸ்டாஃப் பெரிதாக வேண்டும் என்றால் பேஜ் செட்டிங்ஸில் ஸ்டாஃப் ஸ்பேஸை 2 மி.மீ. ஆக்குங்கள், ஸ்டாஃப் 8 மி.மீ. ஆகும். வேர்டில் படத்தை இழுத்துப் பெரிதாக்காதீர்கள். தலைகீழாக, பெரிய படத்தை வேர்டில் 60 சதவீதத்துக்குச் சுருக்கினால் கோட்டின் தடிமன் 0.115 மி.மீ.க்கு இறங்கிவிடும், நல்ல பிரிண்டர் அதைக் காட்டும், பள்ளி ஜெராக்ஸ் இயந்திரம் காட்டாது.

எக்ஸ்போர்ட்: பிஎன்ஜி, எஸ்விஜி, பிடிஎஃப்

ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட், பிஎன்ஜி, ரெசல்யூஷன் 600. டிரான்ஸ்பரன்ட் பேக்ரவுண்ட் டிக்கை எடுத்துவிடுங்கள். பின்னணி இல்லாத படம் வெள்ளைத் தாளில் வித்தியாசம் காட்டாது. ஆனால் யாராவது கைபேசியில் டார்க் மோடில் திறந்தால் கறுப்பு நோட்டுகள் கறுப்புத் திரையில் கரைந்துவிடும். வண்ணப் பெட்டிக்குள் வைக்கும் துண்டுக்கு மட்டும் அந்த டிக் தேவைப்படும். மியூஸ்கோர் பக்கத்துக்கு ஒரு படம் எழுதி, கோப்புப் பெயருக்குப் பின்னால் பக்க எண்ணைச் சேர்க்கும். இரண்டாம் எண் கொண்ட கோப்பு ஒன்று வந்திருந்தால் துண்டு ஒரு வரியில் அடங்காமல் அடுத்த பக்கத்துக்கு வழிந்திருக்கிறது என்று பொருள். பக்க அகலத்தைக் கூட்டுங்கள்.

எஸ்விஜி என்பது கோடுகளாகவே சேமிக்கப்படும் படம், எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் மங்காது. வேர்டு 2019, மைக்ரோசாஃப்ட் 365, லிப்ரே ஆஃபீஸ் எல்லாம் அதை நேரடியாக ஏற்கும். கூகுள் டாக்ஸ் ஏற்காது. வினாத்தாள் ஒரே கணினியில் தயாராகி அங்கேயே பிடிஎஃப் ஆகப் போகிறது என்றால் எஸ்விஜிதான் சிறந்தது. நான்கு ஆசிரியர்கள் நான்கு விதமான வேர்டில் திறக்கப்போகிறார்கள் என்றால் 600 டிபிஐ பிஎன்ஜி-யோடு நில்லுங்கள். லாடெக்கில் எழுதுபவர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை: பிடிஎஃப் ஆக எக்ஸ்போர்ட் செய்து அப்படியே சேர்த்துவிடலாம்.

ட்ரிம் செய்ய வேண்டியவர்களுக்கு

மியூஸ்கோர் 3-இல் கேமரா சின்னத்தோடு ஒரு கருவி இருந்தது. வேண்டிய இடத்தைச் சுற்றிப் பெட்டி வரைந்து, வலது கிளிக் செய்து, பிரின்ட் மோடில் சேமித்தால் அந்தப் பகுதி மட்டும் படமாகும். 2022 டிசம்பரில் 4.0 வந்தபோது அந்தக் கருவி இல்லாமல் போனது. அதற்குப் பழகியவர்கள் மூன்றாம் பதிப்பை நான்காம் பதிப்போடு சேர்த்தே கணினியில் வைத்திருக்கலாம், இரண்டும் மோதாது. நான்கில் சேமித்த கோப்பை மூன்று திறக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இசை மென்பொருள்களுக்கு இடையே ஸ்கோரை மாற்றும் பொதுக் கோப்பு வடிவமான மியூசிக்எக்ஸ்எம்எல் வழியாகக் கொண்டுபோகலாம். நோட்டுகள் தப்பும், கையால் நகர்த்தி வைத்த அமைப்பெல்லாம் தப்பாது.

கட்டளை வரி பழகியவர்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. மியூஸ்கோரின் இயக்கக் கோப்பை டெர்மினலில் அழைத்து, ஹைஃபனும் பெரிய எழுத்து டி-யும் (T) கொடுத்து, பக்கத்தில் எத்தனை பிக்சல் ஓரம் விட வேண்டும் என்று சொன்னால் மையின் எல்லை வரை தானே வெட்டித் தரும். ஹைஃபனோடு சிறிய எழுத்து ஆர் ரெசல்யூஷனுக்கு, சிறிய எழுத்து ஓ வெளியீட்டுக் கோப்பின் பெயருக்கு. 600 டிபிஐ-க்கு 40 பிக்சல் ஓரம் விடுங்கள், தாளில் 1.7 மி.மீ. வரும். பூஜ்யம் கொடுத்தால் உயரமான நோட்டின் தண்டு படத்தின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பெட்டிக்குள் வைக்கும்போது அது கோட்டோடு கலந்துவிடும். ஐம்பது துண்டு என்றால் ஹைஃபன் ஜே உண்டு: உள்ளீடு, வெளியீடு பெயர்களை ஒரு ஜேசன் கோப்பில் பட்டியலிட்டுக் கொடுத்தால் எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் முடித்துவிடும்.

மவுஸ்தான் வேண்டும் என்பவர்களுக்கு இங்க்ஸ்கேப். மியூஸ்கோரிலிருந்து எஸ்விஜி எடுத்து, இங்க்ஸ்கேப்பில் திறந்து, வேண்டியதை எல்லாம் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் அழுத்தினால் பக்கம் உள்ளடக்கத்தின் அளவுக்குச் சுருங்கும். பிஎன்ஜி ஆக எடுக்கும்போது அது இயல்பில் 96 டிபிஐ காட்டும். பலர் அதைப் பார்க்காமல் எக்ஸ்போர்ட் செய்துவிட்டு, மறுபடி மங்கலான படத்தில் வந்து நிற்கிறார்கள். 600 ஆக்குங்கள்.

இமேஜ்மேஜிக் பயன்படுத்துபவர்கள் இரண்டு விஷயம் கவனியுங்கள். பிடிஎஃப்-ஐப் படமாக்கும்போது டென்சிட்டி 600 என்பதை உள்ளீட்டுக் கோப்பின் பெயருக்கு முன்னால் எழுத வேண்டும். பின்னால் எழுதினால் 72-இல் படித்து முடித்தபிறகு எண்ணை மட்டும் மாற்றி எழுதும், படம் தெளிவாகாது. ட்ரிம்முக்குப் பிறகு ப்ளஸ் குறியோடு ரீபேஜ் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் பழைய பக்கத்தின் அளவும் இடமும் கோப்புக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அதைப் படிக்கிற சில மென்பொருள்களில் படம் விலகி உட்காரும்.

வேர்டில் போய்க் கெடுவது

படம் நன்றாக வந்தும் வேர்டுக்குள் போனபிறகு மங்கினால், வேர்டு அதைச் சுருக்கியிருக்கிறது. இயல்பில் அது படங்களை 220 பிபிஐ-க்கு (அங்குலத்துக்கு 220 பிக்சல்) இறக்கும். ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போய், இமேஜ் சைஸ் அண்ட் குவாலிட்டி பகுதியில் படங்களைச் சுருக்க வேண்டாம் என்ற பெட்டியில் டிக் போடுங்கள். படங்களைச் சேர்க்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும். ஒருமுறை சுருக்கிச் சேமித்துவிட்டால் மறுபடி படத்தைச் சேர்ப்பதைத் தவிர வழியில்லை. அந்த அமைப்பு அந்தந்த ஆவணத்துக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், வினாத்தாளின் வார்ப்புருவிலேயே போட்டு வைப்பது நல்லது.

படத்தின் ஒரு மெல்லிய கீற்று மட்டும் தெரிகிறது, மீதி காணவில்லை என்றால் பத்தியின் வரி இடைவெளி எக்ஸாக்ட்லி என்று இருக்கிறது. அதை சிங்கிள் ஆக்கியதும் முழுப் படமும் தெரியும். தமிழ் எழுத்துரு வரிகள் சீராக நிற்பதற்காக எக்ஸாக்ட்லி வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு என்பதால் தமிழ் வினாத்தாள்களில் இது அடிக்கடி நேர்கிறது.

அளவு சரிதானா என்று பார்க்க, படத்தை வலது கிளிக் செய்து சைஸ் அண்ட் பொசிஷனில் ஸ்கேல் இரண்டும் 100 சதவீதமா என்று பாருங்கள். பிஎன்ஜி கோப்புக்குள் டிபிஐ எண் எழுதப்பட்டிருக்கும். வேர்டு அதைப் படித்துத்தான் எத்தனை மி.மீ. என்று முடிவு செய்கிறது. இடையில் ஏதாவது இணையதளத்திலோ செயலியிலோ போட்டு வெட்டியிருந்தால் அந்த எண் அழிந்திருக்கலாம். அப்போது வேர்டு 96 என்று எடுத்துக்கொள்ளும், 150 மி.மீ. படம் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலமாகக் கணக்காகி, பக்கத்துக்குள் அடங்கச் சுருக்கப்படும். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு அளவில் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக அல்லாமல் டாக்குமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் அது ஜேபெக் ஆகிச் சுருங்கித்தான் போய்ச் சேரும்.

நோட்டுகளுக்குக் கீழே தமிழ் வரிகள் இருந்தால்

மியூஸ்கோரின் இயல்பான எழுத்துரு எட்வின். அதில் தமிழ் இல்லை. தமிழில் தட்டினால் எழுத்து தெரியும்தான், ஆனால் அது கணினி தானாகத் தேடிப் பிடித்துக் கொடுக்கும் வேறொரு எழுத்துரு. உங்கள் கணினியில் ஒன்று, பள்ளிக் கணினியில் இன்னொன்று. அகலம் மாறும்போது நோட்டுகளின் இடைவெளியும் மாறும். ஆகவே ஸ்டைல், டெக்ஸ்ட் ஸ்டைல்ஸில் லிரிக்ஸ் என்று வரும் இரண்டு வரிகளுக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஓர் எழுத்துருவைப் பெயர் சொல்லியே அமைத்துவிடுங்கள்.

அசை பிரிக்கும்போது மெய்யெழுத்தை முந்தைய எழுத்தோடு சேர்த்தே தட்டுங்கள்: வ, ஹைஃபன், ணக், ஹைஃபன், கம். ஹைஃபன் அடுத்த நோட்டுக்கு நகர்த்தும், இடைவெளி விசை புதுச் சொல்லுக்குப் போகும். க் மட்டும் தனி நோட்டில் நின்றால் பாடுகிறவர் தடுமாறுவார். பிறகு பக்க உயரம். ழு, மூ, கூ போன்றவற்றின் கீழ்வளைவு ஆங்கில எழுத்தை விட அதிகம் இறங்கும். ஆங்கில வரிக்குப் போதுமான 30 மி.மீ. உயரத்தில் இந்த வளைவுகள் அறுந்துபோகலாம். 35 வையுங்கள். இரண்டு அடி வரிகள் இருந்தால் லிரிக்ஸ் ஸ்டைலில் வரி உயரத்தையும் கூட்டுங்கள்.

தமிழ் வரியோடு எஸ்விஜி எடுப்பவர்கள் அந்தக் கோப்பை வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிட்டே அனுப்புங்கள். சில மென்பொருள்கள் சொற்களை எழுத்தாகவே எஸ்விஜி-யில் விட்டுவைக்கும். அங்கே எழுத்துரு இல்லையென்றால் வரி கலையும். இங்க்ஸ்கேப்பில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்தால் எழுத்துகள் வடிவங்களாக உறைந்துவிடும், பிறகு எழுத்துரு தேவையில்லை.

நூற்றுக்கணக்கில் துண்டுகள் வேண்டுமா? லில்லிபாண்ட்

பாடநூல், பயிற்சிப் புத்தகம் என்று பெரிய வேலையாக இருந்தால் லில்லிபாண்டைப் பழகிக்கொள்வது உழைப்புக்கு ஏற்ற பலன் தரும். இசையை உரைக் கோப்பாக எழுதுகிறீர்கள், மென்பொருள் அதை வரைகிறது. அதில் க்ராப் என்று ஒரு விருப்பம் உண்டு. அதைக் கொடுத்து ஓட்டினால் முழுப் பக்கத்தோடு, மையின் எல்லைக்கு வெட்டிய படத்தையும் க்ராப்டு என்ற சொல் பெயரில் வரும்படி தனிக் கோப்பாகத் தரும். பிஎன்ஜி-க்கு ரெசல்யூஷன் இயல்பில் 101 மட்டுமே; 600 என்று மாற்றியாக வேண்டும். ஸ்டாஃப் அளவு இயல்பில் 20 பாயின்ட், அதாவது 7.03 மி.மீ., மியூஸ்கோரின் 7 மி.மீ.யோடு கண்ணுக்கு ஒன்றாகவே இருக்கும். இரண்டிலும் எடுத்த துண்டுகளை ஒரே தாளில் கலக்க வேண்டி வந்தாலும் அளவு இடிக்காது. நோட்டுகளின் வடிவம்தான் வேறுபடும்.

எல்லாத் துண்டுகளுக்கும் பொதுவான ஒரு கோப்பை எழுதி, ஒவ்வொன்றிலும் இன்க்ளூட் செய்யுங்கள். அதில் மூன்று விஷயம் போதும். இன்டென்ட் பூஜ்யம்: இல்லையென்றால் முதல் வரி 15 மி.மீ. உள்ளே தள்ளித் தொடங்கும். டேக்லைன் அணைப்பு: பக்க அடியில் வரும் மென்பொருள் பெயர் வரி போகும். ரேக்ட் ரைட் (ragged-right) இயக்கம்: துண்டு தன் இயல்பான அகலத்திலேயே நிற்கும். ஸ்டாஃப் அளவை மாற்ற நினைத்தால் அந்த ஒரே கோப்பில் ஓர் எண்ணை மாற்றி எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினால் நூறு படமும் புது அளவில் வந்துவிடும். மியூஸ்கோரில் நூறு கோப்பைத் திறந்து மூட வேண்டிய வேலை இது. கடைசிப் பாரில் லில்லிபாண்ட் முடிவுக் கோடு போடாது, சாதாரணக் கோட்டோடு நிறுத்தும்; துண்டுகளுக்கு அதுவே சரி. டைம் சிக்னேச்சரை எடுக்க ஒமிட் கட்டளை கொடுத்தால் அது பிடித்திருந்த இடத்தையும் சேர்த்து எடுத்துவிடும். லாடெக்கிலோ எச்டிஎம்எல்லிலோ புத்தகம் எழுதுபவர்களுக்கு லில்லிபாண்ட் புக் என்ற துணைநிரல் உண்டு: உரைக்கு நடுவிலேயே துண்டை எழுதினால் படமாக்கி அந்த இடத்திலேயே வைத்துவிடும்.

மற்ற மென்பொருள்கள்

சிபெலியஸில் ஆல்ட்டும் ஜி-யும் அழுத்தி, வேண்டிய இடத்தைச் சுற்றிப் பெட்டி வரைந்து, காப்பி செய்து வேர்டில் ஒட்டலாம். பெட்டியைப் பிடித்து நகர்த்திச் சரிசெய்யவும் முடியும். நல்ல தரம் வேண்டும் என்றால் அதே தேர்வோடு ஃபைல் மெனுவின் எக்ஸ்போர்ட், கிராஃபிக்ஸ் வழியாகப் போங்கள். டோரிகோவில் கிராஃபிக் ஸ்லைஸ் என்ற வசதி உண்டு: எங்ரேவ் மோடில் பக்கத்தின் மேல் சட்டகம் வரைந்து வைத்தால், அந்தச் சட்டகங்களுக்குள் இருப்பது மட்டும் படங்களாக வெளியேறும். ஸ்கோர் திருத்தப்பட்டாலும் சட்டகம் அங்கேயே இருக்கும், மறுபடி எக்ஸ்போர்ட் செய்தால் போதும்.

ஃபினாலேயில் பேஜ் வியூவுக்கு மாறி, கிராஃபிக்ஸ் கருவியை எடுத்து, இரட்டைக் கிளிக் செய்தபடி இழுத்துப் பெட்டி வரைந்து, கிராஃபிக்ஸ் மெனுவில் எக்ஸ்போர்ட் செலக்‌ஷன் கொடுக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் மேக்மியூசிக் நிறுவனம் ஃபினாலேயை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. கையில் உள்ள துண்டுகளையெல்லாம் இப்போதே மியூசிக்எக்ஸ்எம்எல் ஆகவும் ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். பழைய படக்கோப்பை வைத்துக்கொண்டு ஒரு நோட்டைக்கூடத் திருத்த முடியாது.